74 டெசிபல், 45 நிமிடம்: வீட்டு மிக்ஸிங்கில் காதின் வரவு செலவு

என் அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். மொத்தம் 1,200 கன அடி. திருச்சி கே.கே. நகரில் ஒரு மாடி வீட்டின் பின்னறை. இரண்டு மானிட்டர் ஸ்பீக்கர், ஒரு லேப்டாப், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு ஹெட்போன், ஐந்து வேகங்களில் சுழலும் ஒரு மின்விசிறி. என் எலக்ட்ரானிக் இசை பிறப்பதும், மிக்ஸ் ஆவதும், மாஸ்டர் ஆகி வெளியே போவதும் இந்த நான்கு சுவருக்குள்தான்.

ஓர் இரவு 9 மணிக்கு உட்கார்ந்தவன் 1.30-க்கு எழுந்தேன். நாலரை மணி நேர வேலை, இடைவேளை பூஜ்யம். எழுந்தபோது மிக்ஸ் கச்சிதமாக இருந்தது. காலையில் காபியோடு அதே பாட்டைப் போட்டால் ஹை-ஹேட் ஊசியாகக் குத்துகிறது, பேஸ் இளைத்துக் கிடக்கிறது. இரவு முழுக்க நான் கூட்டியதும் குறைத்ததும் பாட்டுக்குத் தேவையானவை அல்ல, என் களைத்த காதுக்குத் தேவைப்பட்டவை. வால்யூம் குமிழைப் பார்த்தேன். தொடங்கிய இடத்தில் அது இல்லை. அரை மணிக்கு ஒரு டெசிபல் ஏற்றியிருந்தால்கூட நாலரை மணியில் 9 டெசிபல். ஒலியாற்றலில் அது 8 மடங்கு.

அன்றிலிருந்து காதுக்கென்று தனியாக ஒரு கணக்கு நோட்டு வைத்திருக்கிறேன். வீட்டில் இசை செய்கிற எல்லாருக்கும் பயன்படும் என்பதால் அதை இங்கே விரித்து வைக்கிறேன்.

ஆரம்ப இருப்பு

உள்காதில் நத்தை ஓடுபோலச் சுருண்டிருக்கும் காக்ளியாவை நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர் வரும். சுற்று ஏறத்தாழ இரண்டரை. அதனுள் இருக்கும் முடிச் செல்களின் எண்ணிக்கை, ஒரு காதுக்கு:

உள் வரிசை – சுமார் 3,500
வெளி வரிசைகள் – சுமார் 12,000
மொத்தம் – சுமார் 15,500

உள் வரிசைச் செல்கள் ஒலியை நரம்புக்குச் சொல்கின்றன. வெளி வரிசைச் செல்கள் மெல்லிய ஒலியைப் பெருக்கித் தருகின்றன. பேரோசையில் முதலில் அடிபடுபவை இந்த வெளி வரிசைச் செல்களே. கோழிக்கு முடிச் செல் செத்தால் மறுபடி முளைக்கும். மனிதனுக்கு முளைக்காது. பிறந்த அன்றைய இருப்பை வைத்துத்தான் வாழ்நாள் முழுவதும் கேட்டாக வேண்டும்.

இதில் களைப்பு வேறு, காயம் வேறு. களைப்பு என்பது தற்காலிகமாகக் கேட்கும் திறன் மங்குவது. "காது அடைச்ச மாதிரி இருக்கு" என்கிறோமே, அதுதான். சில மணி நேர அமைதியில் தெளிந்துவிடும். காயம் தெளியாது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு நாம் நினைத்த அளவுக்குத் தெளிவானதல்ல. 2009-இல் ஷாரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் சுண்டெலிகளை 2 மணி நேரம் 100 டெசிபல் ஒலியில் வைத்துச் சோதித்தார்கள். கேட்கும் திறன் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆனால் காதின் பாதிக்கப்பட்ட பகுதியில் முடிச் செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் பாதிவரை திரும்பவே இல்லை. எலியின் கணக்கை அப்படியே மனிதனுக்கு எழுத முடியாது. இருந்தாலும் "காலையில் சரியாகிவிட்டது" என்று நிம்மதி அடைவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்க வைக்கும் கணக்கு அது.

இன்னொரு எண் எலக்ட்ரானிக் இசைக்காரர்களுக்கு முக்கியமானது. செவிக்குழாயின் நீளம் சுமார் 2.5 செ.மீ. ஒரு முனை மூடிய குழாய் அது. நீளத்தைப்போல நான்கு மடங்கு அலைநீளத்தில் ஒத்ததிரும். கணக்குப் போட்டால் 3,400 ஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது. காது மிகக் கூர்மையாகக் கேட்பது அங்கேதான். இரைச்சலால் கெடும்போது ஆடியோகிராமில் முதல் பள்ளம் விழுவதும் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையில்தான். ஸா அலை சிந்தசைசரின் பல்லும், டிஸ்டார்ஷனின் கரகரப்பும், கிளாப்பின் அறையும் வந்து குவிவதும் ஏறக்குறைய அதே இடம். நாள்முழுக்க ஒரே வட்டத்தைச் சுழலவிட்டு நாம் அடித்துக்கொண்டிருப்பது காதின் மிக மென்மையான இடத்தை.

வாரக் கணக்கு

பெரியவர்களுக்கான பாதுகாப்பான கேட்பு அளவாக உலகச் சுகாதார நிறுவனம் வகுத்திருப்பது வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். 3 டெசிபல் ஏறினால் ஒலியாற்றல் இரட்டிக்கும், நேரம் பாதியாகும். 3 இறங்கினால் நேரம் இரட்டிக்கும். நோட்டின் முதல் பக்கத்தில் இதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்:

92 டெசிபல் – வாரத்துக்கு 2½ மணி
89 டெசிபல் – 5 மணி
86 டெசிபல் – 10 மணி
83 டெசிபல் – 20 மணி
80 டெசிபல் – 40 மணி
77 டெசிபல் – 80 மணி
74 டெசிபல் – 160 மணி

ஒரு வாரத்துக்கு மொத்தமே 168 மணி. 74 டெசிபலில் தூங்காமல் கேட்டாலும் கணக்கு அநேகமாகத் தாண்டாது. 83-இல் கேட்டால் ஒரு நாளைக்கு 3 மணிக்கும் குறைவு. இரண்டுக்கும் இடையே 9 டெசிபல். அன்றிரவு என் குமிழ் ஏறிய அதே 9.

என் பழைய வாரத்தை இதில் பொருத்திப் பார்த்தேன். நாளைக்கு 3 மணி வீதம் 7 நாளும் மிக்ஸிங்: 21 மணி. 83 டெசிபல் என்று வைத்தால் வார அளவில் 105 விழுக்காடு அதிலேயே போயிற்று. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் போய்வருகிற பஸ்ஸில் தினம் ஒரு மணி, வாரம் 6 நாள், இயர்போன். எஞ்சின் சத்தத்தை அமுக்க வால்யூமை ஏற்றுவதால் 86 என்று வைத்தேன். 10 மணிக்கு 6 மணி: 60 விழுக்காடு. மொத்தம் 165. பஸ்ஸில் கேட்பது மிக்ஸிங் கணக்கில் சேராது என்றே அதுவரை நினைத்திருந்தேன். காதுக்கு ஒரே நோட்டுதான்.

எங்கள் ஊருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வே பட்டறை 1928-இல் பொன்மலைக்கு வந்தது. இரும்பை அடித்து நிமிர்த்தும் தொழிலில் காது என்ன ஆகும் என்பதைத் திருச்சிக் குடும்பங்கள் தாத்தாக்களைப் பார்த்தே தெரிந்துகொண்டவை. இந்தியத் தொழிற்சாலை விதிகள் 90 டெசிபலில் 8 மணி நேரம், 95-இல் 4 மணி, 100-இல் 2 மணி என்று வரையறுக்கின்றன. அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் இன்னும் கண்டிப்பு: 85-இல் 8 மணி, 88-இல் 4 மணி, 100-இல் 15 நிமிடம்தான். எது எப்படியோ, பட்டறைக்கு ஒரு விதி உண்டு, ஷிப்டு முடிந்ததும் ஊதும் சங்கு உண்டு. வீட்டுப் பின்னறையில் இரண்டும் கிடையாது.

மின்விசிறியின் கணக்கு

என் நோட்டிலேயே மிகப் பெரிய செலவு எது என்று கண்டுபிடிக்க எனக்குப் பல மாதம் ஆயிற்று. அது ஸ்பீக்கர் அல்ல, மின்விசிறி.

கத்திரி வெயிலில் 40 டிகிரி தொடும் ஊர் இது. விசிறி 5-இல் ஓடும், சன்னல் திறந்திருக்கும். அந்த நிலையில் என் இருக்கையில் போன் செயலி காட்டியது 55 டெசிபல் பக்கம். சன்னலைச் சாத்தி, விசிறியை 2-க்குக் குறைத்தால் 45 பக்கம். போனின் மைக் ஆய்வகக் கருவி அல்ல. ஆனால் ஒரே இடத்தில் வைத்து இரண்டு முறை அளந்தால் வித்தியாசத்தை நம்பலாம். வித்தியாசம் 10.

இந்த 10 ஏன் முக்கியம்? ரிவெர்ப்பின் வால், டிலேயின் கடைசி எதிரொலி, பேடின் அடியில் நெளியும் மெல்லிய அசைவு – இவை பாட்டின் சராசரி அளவைவிட 30 டெசிபல் கீழே இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவை அறையின் இரைச்சலுக்கு மேலே தலைகாட்ட வேண்டும். இரைச்சல் 55 என்றால் பாட்டு 85-இல் ஓட வேண்டும். 45 என்றால் 75 போதும். 85-இல் வார அளவு சுமார் 12½ மணி. 75-இல் சுமார் 127 மணி. பத்து மடங்கு. வால்யூமை ஏற்றும் கை நம்முடையதுதான்; ஏற்றச் சொல்வது விசிறி.

பக்கத்தில் விமான நிலையம் வேறு. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் என்று விமானங்கள் மேலெழும்போது அரை நிமிடம் எதையும் தீர்மானிக்க முடியாது. அந்த அரை நிமிடத்தில் ஃபேடரைத் தொடுவதில்லை, வால்யூமையும் ஏற்றுவதில்லை. பாட்டை நிறுத்திவிட்டு விமானம் போகட்டும் என்று காத்திருக்கிறேன். முன்பு விமானத்தோடு போட்டி போட்டு ஏற்றிய வால்யூமைப் பிறகு இறக்க மறந்த நாட்கள் உண்டு.

வெயிலுக்கு என்ன வழி? ஒரு டன் ஏ.சி. முழு வேகத்தில் ஓடினால் மணிக்குச் சுமார் ஒரு யூனிட். 3 மணி வேலைக்கு 3 யூனிட். நான் கேட்கும்போது அதை ஓட்டுவதில்லை. 45 நிமிடம் கேட்பு, 15 நிமிடம் ஓய்வு. ஓய்வின் 15 நிமிடத்தில் மட்டும் ஏ.சி. மூன்று ஓய்வுக்கு 45 நிமிடம், முக்கால் யூனிட். சன்னல் சாத்திய அறையில் அந்தக் குளிர்ச்சியும் விசிறியின் 2-ம் சேர்ந்து அடுத்த முக்கால் மணியை ஓட்டிவிடும். காதும் ஓய்கிறது, மின்கட்டணமும் இறங்குகிறது.

பேஸ் ஏன் இளைத்தது?

பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட வளைகோடுகளும், பின்னால் வந்த ஐ.எஸ்.ஓ. 226 தரமும் இதற்குப் பதில் சொல்கின்றன. 1,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று 80 டெசிபலில் ஒலிக்கிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலி அதே உரப்பாகத் தோன்ற வேண்டுமானால் சுமார் 102 டெசிபல் வேண்டும், கூடுதல் 22. முதல் ஒலி 60-க்கு இறங்கினால் 50 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 90 வேண்டும், கூடுதல் 30. அதாவது 20 டெசிபல் இறங்கும்போது பேஸ் சுமார் 8 டெசிபல் வலுவிழக்கிறது. ஏறும்போது அதே கணக்கில் பருக்கிறது.

அன்றிரவு 9 டெசிபல் ஏறினேன். என் காதுக்கு பேஸ் மட்டும் சுமார் 3½ டெசிபல் கூடுதலாகப் பருத்துத் தோன்றியிருக்கும். "பேஸ் அதிகம்" என்று வெட்டினேன். உச்ச அலைவரிசையில் களைத்த காது மங்கிப்போயிருந்ததால் "ஹை-ஹேட் மங்கல்" என்று கூட்டினேன். இரண்டுமே தப்பு, இரண்டுக்கும் காரணம் ஒரே குமிழ்.

ஆகவே குமிழ் நகரக் கூடாது. சினிமா மிக்ஸிங் தியேட்டரில் திரைக்குப் பின்னுள்ள ஒவ்வொரு ஸ்பீக்கரும் 85 டெசிபல் என்ற அளவுகோல் உண்டு. மாஸ்டரிங் பொறியாளர் பாப் காட்ஸ் தன் கே-சிஸ்டத்தில் 83 வைத்தார். இவை பெரிய அறைகளுக்கானவை. 1,500 கன அடிக்கும் குறைந்த அறைக்கு எழுபதுகளின் நடுப்பகுதியே பொருந்தும். சின்ன அறையில் சுவர்களின் எதிரொலி உடனே திரும்பி வந்து காதை நெருக்குவதால் 85 என்பது இங்கே கூச்சலாகிவிடும். நான் டிஜிட்டல் உச்சத்துக்கு 20 டெசிபல் கீழே பிங்க் நாய்ஸை ஓடவிட்டு, இருக்கையில் போனை வைத்து, 74 காட்டும் இடத்தில் குமிழில் வெள்ளை மையால் ஒரு கோடு போட்டேன். அன்று முதல் அந்தக் கோடுதான் என் நெறி.

குறைந்த ஒலியில் வேலை செய்தால் பேஸை அளவுக்கு மீறிக் கூட்டிவிட மாட்டோமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு இரண்டு காப்பு வைத்திருக்கிறேன். நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை அதே கோட்டில் ஓடவிட்டு ஒப்பிடுகிறேன். நாளைக்கு 2 நிமிடம் மட்டும் 86 வரை ஏற்றிக் கேட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்புகிறேன். வாரத்துக்கு 14 நிமிடம். 86-இன் வார அளவான 600 நிமிடத்தில் அது 2.3 விழுக்காடு.

அறையின் எண்கள்

30 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 349 மீட்டர். 12 அடி நீளச் சுவர்களுக்கிடையே முதலில் தேங்கி நிற்கும் அலை 48 ஹெர்ட்ஸ். 10 அடி அகலத்துக்கு 57 ஹெர்ட்ஸ். உயரமும் 10 அடி என்பதால் அதே 57 இன்னொரு முறை. டெக்னோ கிக்கின் அடிவயிறு பெரும்பாலும் 45 முதல் 60 வரை. பேஸ் கிடாரின் தாழ்ந்த ஏ சுரம் 55. அறை எங்கே பொய் சொல்கிறதோ அங்கேயேதான் எலக்ட்ரானிக் இசை குடியிருக்கிறது. அறையின் நட்டநடுவில், 6 அடியில் உட்கார்ந்தால் 48 ஹெர்ட்ஸ் காணாமல் போகும். காணோமே என்று வால்யூமை ஏற்றுவோம். முன்சுவரிலிருந்து நீளத்தில் 38 விழுக்காடு, அதாவது சுமார் 4½ அடியில் நாற்காலியைப் போட்டதில் அந்தத் தேடல் நின்றது. செலவு: நாற்காலியைத் தள்ளிய உழைப்பு.

ஸ்பீக்கருக்கும் காதுக்கும் இடைவெளி 2 மீட்டரிலிருந்து 1 மீட்டராகக் குறைந்தால் நேரொலி 6 டெசிபல் கூடும். சுவர் எதிரொலி அவ்வளவு கூடாது. அதனால் குறைந்த வால்யூமில் தெளிவு கிடைக்கும்.

சுவருக்குத் தெர்மாகோல் ஒட்டுவதும் முட்டை அட்டை ஒட்டுவதும் பணத்தையும் சுவரையும் கெடுக்கும் வேலை. எடையும் இல்லை, காற்று நுழையும் இழையும் இல்லை என்பதால் இவை ஒலியைத் தடுக்கவும் செய்யாது, பெரிதாக உறிஞ்சவும் செய்யாது. வேண்டியது கனிம இழைப் பலகை. கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, 4 அங்குலத் தடிமன், 4 அடிக்கு 2 அடி. எட்டுப் பலகை போட்டேன். 64 சதுர அடி, சுமார் 29 கிலோ. அறையின் ஆறு முகங்களும் சேர்ந்து 680 சதுர அடி. அதில் 9 விழுக்காடுதான் மூடியது. 1,000 ஹெர்ட்ஸ் அலையின் கால்பங்கு நீளம் 8.7 செ.மீ. என்பதால் அதற்கு மேலுள்ள குத்தலை 10 செ.மீ. பலகை நன்றாகவே விழுங்குகிறது. 57 ஹெர்ட்ஸின் கால்பங்கு ஒன்றரை மீட்டர்; அதற்கு எந்தப் பலகையும் போதாது. அந்த இடத்தில் நாற்காலியும் ஹெட்போனும்தான் துணை.

கால்ஷீட் இல்லாத வேலை

1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் சிந்தசைசரோடு இந்தியாவின் முதல் எலக்ட்ரானிக் இசைக்கூடம் அமைந்தது. 1982-இல் மும்பையின் சரண்ஜித் சிங் மூன்று ரோலண்ட் கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்தார். 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினி இசையைக் கொண்டுவந்தார். 1989-இல் ஏ.ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுப் பின்கட்டில் பஞ்சதன் ஒலிக்கூடத்தைத் தொடங்கினார். 1992-இல் 'ரோஜா' வந்தது. நிறுவனத்திலிருந்து வீட்டின் பின்கட்டுக்கு, அங்கிருந்து படுக்கையறைக்கு. இருபதாண்டில் நடந்த முதல் பயணமும் அதற்குப் பின் வந்ததும் எனக்குக் கிடைத்த பெரும் கொடை. ஆனால் வழியில் ஒன்று தொலைந்தது. பெரிய ஒலிக்கூடத்தில் கால்ஷீட் முடிந்தால் எழுந்தாக வேண்டும். பக்கத்தில் இன்னொரு பொறியாளரின் காது இருக்கும். என் அறையில் எழுப்பிவிட யாருமில்லை. அதனால் கடிகாரத்துக்கு அந்த வேலையைக் கொடுத்தேன்.

நேரப் பட்டியல் இது. ஒரு சுற்று 60 நிமிடம்: 45 கேட்பு, 15 அமைதி. நாளைக்கு மூன்று சுற்று. காதில் விழும் நேரம் 135 நிமிடம். வாரத்துக்கு 15¾ மணி. அமைதி என்றால் இன்னொரு பாட்டோ யூடியூபோ அல்ல. மாடிக்குப் போய் நிற்பது.

வேலையை இரவிலிருந்து காலைக்கு மாற்றினேன். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஒலி மாசு விதிகள், 2000-இன்படி குடியிருப்புப் பகுதியில் காலை 6 முதல் இரவு 10 வரை 55 டெசிபல், இரவில் 45. தனியார் ஒலிக்கருவி தன் எல்லையில் இதைவிட 5-க்கு மேல் தாண்டக் கூடாது. ஆக இரவில் 50. அறைக்குள் 74, திறந்த சன்னல் சுமார் 15 குறைக்கும், வெளியே 59. வரம்புக்கு மேல் 9. சாத்திய சன்னல் 25 குறைத்தால் 49, தப்பித்தோம். பழைய 83 என்றால் சாத்தினாலும் 58. பேஸ் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாமல் இன்னும் எளிதாகச் சுவரைத் தாண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தையின் தூக்கமும் இந்த நோட்டில் ஒரு வரி.

காலை 6 மணிக்குக் காது ஓய்ந்திருக்கிறது, வெயில் ஏறவில்லை, விசிறி 2-இல் போதும். மார்கழியில் மட்டும் அந்த வேளை கோயில் ஒலிபெருக்கிக்கு உரியது. அந்த மாதம் 9 மணிக்கு உட்காருகிறேன். இரவு நேரத்தைக் காது தேவைப்படாத வேலைக்கு வைத்துக்கொண்டேன்: கோப்புக்குப் பெயரிடுவது, டிராக்குக்கு நிறம் கொடுப்பது, அடுக்கை மாற்றுவது.

அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதியில் ஒரு வரி உண்டு: அடிப்படைச் செவிச் சோதனைக்கு முன் 14 மணி நேரம் இரைச்சல் படாதிருக்க வேண்டும். அதை மாஸ்டரிங்குக்கு எடுத்துக்கொண்டேன். இரவு 9-க்குக் கல்யாணக் கச்சேரி முடிந்தால் மறுநாள் காலை 11-க்கு முன் மாஸ்டரிங் இல்லை.

திருப்பி வாங்கப்படும் டெசிபல்

மாஸ்டரிங்கில் காதை மிகவும் களைக்க வைப்பது லிமிட்டர். எல்.யூ.எஃப்.எஸ். என்ற உரப்பு அலகில் பாட்டை −8 வரை நெருக்குகிறோம். ஸ்பாட்டிஃபை −14-க்கு இறக்குகிறது. போனது 6 டெசிபல். ஆப்பிள் மியூசிக் −16; போனது 8. கேட்பவருக்கு அந்த உரப்பு போய்ச் சேரவே இல்லை. நெருக்கியதில் செத்த கிக்கின் துடிப்பு மட்டும் போய்ச் சேருகிறது.

லிமிட்டரில் 6 டெசிபல் ஏற்றிக் குமிழைத் தொடாமல் விட்டால், 74 என்ற கோடு சத்தமில்லாமல் 80 ஆகிவிடும். 160 மணி 40 மணியாகச் சுருங்கும். தவிர, உரப்பானது எதுவும் நல்லதாகவே தோன்றும். ஒரு டெசிபல் போதும் ஏமாற. ஆகவே லிமிட்டரில் எத்தனை ஏற்றுகிறேனோ அத்தனை மானிட்டரில் இறக்கிவிட்டுத்தான் முன்னதையும் பின்னதையும் ஒப்பிடுகிறேன். இதற்கு எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை.

ரூபாய்க் கணக்கு

குமிழில் கோடு போட வெள்ளை மை – 30
நுரை காதடைப்பான், 2 ஜோடி – 40
கதவு, சன்னல் இடுக்குக்கு ரப்பர் பட்டை – 350
பலகை 8, சட்டமும் துணியும் சேர்த்து தலா 1,200 – 9,600
ஆடியோகிராம், வருடத்துக்கு ஒன்று – 600
கடிகாரம், நாற்காலி நகர்த்தல், விசிறியைக் குறைத்தல் – 0
மொத்தம் – 10,620 ரூபாய்

வருடத்துக்கு 50 வாரம், வாரத்துக்கு 21 மணி: 1,050 மணி. மணிக்கு 10 ரூபாய். ஒரு டீயின் விலைகூட இல்லை. இதில் 90 விழுக்காடு பலகைக்குப் போனது. ஆனால் அதிகப் பலன் தந்த மூன்றும் – கோடு, கடிகாரம், விசிறி – சேர்ந்து 30 ரூபாய்தான். கையில் காசில்லாத கல்லூரிப் பிள்ளைகள் இந்த வரியை மட்டும் பார்த்தால் போதும். புது ஸ்பீக்கருக்குச் சேர்க்கிற பணம் அப்படியே இருக்கட்டும். முதலில் 30 ரூபாயைச் செலவழியுங்கள். ஆடியோகிராமை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவமனைக் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் பார்த்துக்கொள்ளலாம். மார்ச் 3 உலகச் செவித்திறன் நாள். தேதி நினைவிருக்கும் என்பதற்காக நான் அதை ஒட்டியே போகிறேன். 4,000 ஹெர்ட்ஸில் புள்ளி எங்கே விழுகிறது என்று போன வருடத் தாளோடு ஒப்பிடுவேன்.

இறுதி இருப்பு

இப்போதைய வாரம்:

மிக்ஸிங், 74 டெசிபல், 15¾ மணி – 10 விழுக்காடு
உரத்துக் கேட்கும் சோதனை, 86 டெசிபல், 14 நிமிடம் – 2
பஸ்ஸில் இயர்போன், இறக்கிய அளவு 80 டெசிபல், 6 மணி – 15
மொத்தம் – 27 விழுக்காடு

165 இருந்த இடத்தில் 27. கையிருப்பு 73.

இந்த மீதம் பூட்டிவைப்பதற்கல்ல. ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் நகரும் நாளில் தவில்காரர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது என் ஆசை. என் கிக் டிரம்முக்கு இன்னும் வராத ஒரு துடிப்பு அந்தத் தோலில் இருக்கிறது. அங்கே 92 டெசிபல் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 40 விழுக்காடு ஆகும். 73-இலிருந்து 40-ஐ மனசாரக் கொடுப்பேன். மிச்சம் 33. அன்று மாலை கே.கே. நகர் அறையைத் திறக்க மாட்டேன். மறுநாள் காலை, 14 மணி நேரம் கழித்து, விசிறியை 2-இல் வைத்து, வெள்ளைக் கோட்டில் குமிழை நிறுத்தி, அந்தத் துடிப்பைத் தேடி உட்காருவேன்.